துடைக்காமல் வைத்த பிளக்

ஒலிபெருக்கித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த மிக்சர் நல்லது, எந்த மைக் நல்லது என்பதைத்தான். எந்த பிரஷ் நல்லது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வது என் பழக்கம், ஆகவே சொல்கிறேன்: வயர் நுனியில் இருக்கும் முள்ளைத் துடைக்க, பல் தீட்டித் தேய்ந்த பழைய பிரஷ்தான் நல்லது. சாண்ட் பேப்பரைக் கையில் எடுத்தீர்களென்றால் முள்ளின் மேல்பூச்சு போய்விடும், அதன்பிறகு நீங்கள் துடைத்தாலும் ஒன்றுதான், துடைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தளத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில், பின்பக்கத்து அறையில் ஒரு மேசை போட்டு வேலை செய்தவள் நான். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு உறை தைக்கத்தான் முதலில் போனேன். தைக்கிற கைக்கு ஈயம் ஒட்டுகிற வேலையும் வரும் என்று முதலாளி ஹாஜியார் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை எனக்கு அந்த மேசைதான். மேடைக்கு நான் போனதே இல்லை. மேடைகள்தான் என்னிடம் வந்தன, வயர்களாக. வயரை நாங்கள் லயன் என்போம், அதன் நுனியில் இருக்கும் மூன்று முள் இணைப்பைக் கெனன் என்போம். முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போன கெனன் விபூதியும் புழுதியுமாக வரும். உச்சமுனைக்குப் படகில் போனது உப்போடு வரும். எங்கே போனது, எப்படிக் கிடந்தது, யார் சுருட்டினார்கள் என்பதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லுவேன். சொல்லி நன்றாக ஏசுவேன்.

நான் அதிகம் ஏசியது பொலித்தீனுக்காகத்தான். எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் போனையும் ரோச் லைட்டையும் பொலித்தீன் பையில் போட்டு, சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டுவார்கள். படகுக்கு அது சரி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதே பழக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு லயன் சேருகிற இடத்தைப் பொலித்தீனால் சுற்றி, டியூப் ரப்பரால் வரிந்து கட்டி, சனத்தின் காலில் தட்டுப்படாமல் மணலுக்குள் புதைத்துவிடுவார்கள். வெயில் ஏற ஏற உள்ளே வேர்க்கும். வேர்த்தது வெளியே போக வழியில்லை. எங்கள் காற்றில் இருக்கிற உப்பும் அதோடு சேர்ந்தால் முள் களிம்பேறிப் பச்சை பிடிக்கும். நிலத்திலிருந்து தூக்கிக் கட்டுங்கள், கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, நாங்க உப்புக்குள்ள பொறந்த ஆக்கள். எங்களுக்கே உப்பப் பத்திப் படிச்சுத் தாறீங்களா?" என்று சிரிப்பார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் முதல் ஆள் நஸீர். எங்கள் கடையில் மிக்சரில் இருக்கும் ஆட்களில் அவனைப்போல் காது யாருக்கும் இல்லை. நோன்புப் பெருநாளைக்கு எனக்கென்று வட்டிலப்பம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவான். எனக்கு அவன் கூடப்பிறந்த தம்பிபோல. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவனை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடுவீர்கள்.

முள் பச்சை பிடித்தால் ஸ்பீக்கர் பெட்டிகள் ம்ம்ம் என்று இரையும். ஹம் என்பது அதைத்தான். அதை நிறுத்தச் சரியான வழி ஒன்று இருக்கிறது: பழுதான இணைப்பைத் தேடிப்பிடித்து மாற்றுவது. அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். குறுக்கு வழியும் ஒன்று இருக்கிறது. அம்ப்ளிஃபயரைக் கரண்டில் செருகும் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் எர்த் வயரை வெட்டிவிடுவது. பல தடவை ஹம் உடனே அடங்கும். அடங்கினவுடன் எல்லோரும் கைதட்டுவார்கள்.

எர்த் வயர் பார்ப்பதற்குச் சும்மா இருக்கிற வயர்போலத்தான் தெரியும். ஒன்றும் பழுதாகாத வரைக்கும் அதற்கு வேலையே கிடையாது. அம்ப்ளிஃபயருக்குள் கரண்ட் கசிந்து இரும்புப் பெட்டிக்கு வந்துவிட்டால், அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போவது அந்த வயர்தான். வெட்டிவிட்டால் கசிந்த கரண்ட் லயன் வழியாக மைக்கின் உடம்புக்கு வந்து நிற்கும். அப்போது மைக்கைப் பிடிக்கிற ஆள்தான் எர்த். பச்சை பிடித்த முள் பாட்டை ஒழுங்காகக் கடத்தாது, ஆனால் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான கரண்ட் அதனூடாகத் தாராளமாகப் போகும். இதை உங்களில் யாராவது விளையாட்டாக எடுத்தால் எனக்கு வயிறு எரியும்.

பள்ளிவாசல்துறையைத் தாண்டிக் கடலோரமாக ஒரு மீன்பிடி ஊர். அங்கே மாதா கோயில் பெருநாள். அது பெருநாள்கள் அடுத்தடுத்து வரும் காலம், சாமான்கள் ஓர் ஊரில் இறங்கி, கடைக்கு வராமலே அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. என் மேசைக்கு வரவேண்டிய லயன்கள் ஒன்றும் வரவில்லை. ஹாஜியாரிடம் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். நஸீரிடமும் சொன்னேன். அவன் வழக்கம்போலச் சிரித்தான்.

அந்தப் பெருநாளின் பின்னேரம், மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதற்கு முன்னால், மைக்கைப் பிடித்த ஒருவர் செத்துப்போனார்.

அவர் பெயர் மரியதாஸ். கடலுக்குப் போகிறவர். அந்த ஊரில் எந்த விசேஷமானாலும் மைக்கில் அறிவிப்புச் செய்வது அவர்தான், அப்படி ஒரு கணீரென்ற குரல். மத்தியானம் பெய்த மழையில் நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்று மைக்கை வாங்கினார். சின்னப்பிள்ளைகளை முன்னுக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தை பேசினார். அடுத்த வார்த்தை வரவில்லை. கரண்ட் எடுத்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் பழுதாகிக் கிடந்திருக்கிறது, அதனால் கரண்ட் தானாக நிற்கவும் இல்லை. யாரோ ஒருவர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கும்வரை அவர் கையிலிருந்து மைக் விழவில்லை.

இவ்வளவையும் நான் போனில் வந்த வீடியோவில்தான் பார்த்தேன். அவர் ஆடி விழுவதை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதன் கீழே, குடிவெறியில் வந்து வயரைப் பிடித்துவிட்டார் என்று எழுதியிருந்தது. பெருநாள் அன்று கடல் தொழிலாளி ஒருவர் தள்ளாடினால் சனத்துக்கு அதைவிட வேறு காரணம் தோன்றாது. அந்த ஊரில் என் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவள் போனில் அழுதாள். பெருநாளுக்கு முந்திய நவநாள் செபம் தொடங்கியதிலிருந்து மரியதாஸ் சாராயத்தைத் தொடவே இல்லையாம், மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம். பிரேதம் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் மனைவி ஜெசிந்தாவின் காதுபடவே, துக்கம் கேட்க வந்தவர்கள் வெறி என்று குசுகுசுத்தார்களாம். பரிசோதனை முடிவு வரும்வரை ஊர்வாய் காத்திருக்குமா?

மறுநாள் காலையில் லொறி வந்தது. சாமான்களை அப்படியே கடையில் வைக்கும்படி பொலிஸ் சொல்லியிருந்தது. கரண்ட் விஷயம் தெரிந்த அதிகாரி ஒருவர் பகல் வந்து பார்ப்பார் என்றார்கள். நான் லயன் பெட்டியைத் திறந்தேன். மைக் லயனின் இணைப்பு பொலித்தீனுக்குள்தான் இருந்தது. ரப்பரை அவிழ்த்ததும் தண்ணீர் சொட்டியது. மூன்று முள்ளும் பாசிபோலப் பச்சை. பிறகு அம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்தேன். எர்த் வயர் வெட்டப்பட்டு, பின்னுக்கு மடிக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டிருந்தது. டேப்பை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். எங்கள் கரையில் செம்பு வெட்டி வைத்தால் கெதியில் கறுத்துவிடும். அந்த வெட்டு வாய் பளபளவென்று இருந்தது. பெருநாள் அன்றுதான் வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டியது யார் என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. எங்கள் ஆட்களில் டேப்பை அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றுகிறவன் ஒருவன்தான்.

ஹாஜியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். நான் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த காலத்தில் மாதக்கணக்கில் மேசையை வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர். என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துட்டு. மவுத்தானவரத் திருப்பிக் கொண்டுவர எங்களால ஏலா. ஈக்கிறவங்களப் பாக்கணும். நஸீருக்குச் சின்னப் புள்ளைகள் ஈக்கி. நீங்க புதுசா ஒண்டும் செய்ய வாணாம். ஒவ்வொரு நாளும் செய்றதத்தான் செய்யச் சொல்றன். துடைங்க, அந்த வயரக் கட்டுங்க, வைங்க."

அவர் கேட்டது என் அன்றாட வேலையைத்தான். அதுதான் என்னைக் குலைத்துப்போட்டது. பொய் சொல்லச் சொல்லவில்லை, சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. பிரஷையும் ஸ்பிரிட்டையும் எடுத்து என் வேலையைச் செய்தால் போதும், மரியதாஸ் தன் வெறியால் செத்தவராகிவிடுவார்.

"முதலாளி, இது என்ட வேலைதான். இண்டைக்கு மட்டும் என்னால ஏலாது" என்றேன்.

"அப்ப நஸீர உள்ளுக்குப் போடச் சொல்றீங்களா?"

"நான் ஆரையும் போடச் சொல்லேல்ல. இது எப்பிடி வந்திச்சோ அப்பிடியே இருக்கட்டும்."

அவர் எழுந்து போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் நஸீர் வந்தான். முகம் கழுவாமல், முதல்நாள் உடுப்போடு, சீமெந்துத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். அவனாகவே சொன்னான்.

"ஹம் அடிச்சிச்சு அக்கா. மைக்க மாத்திப் பாத்தன், நிக்கல்ல. ஜொயின்ட் மணலுக்குள்ள, அதுக்கு மேல சனம் நிக்கி. தோண்ட ஏலா. கமிட்டி ஆக்கள் ஏசுறாங்க, பொடியன்மார் விசில் அடிக்கிறாங்க. சுருபம் வெளிக்கிடப் போகுது எண்டாங்க. வெட்டினன். ஹம் நிண்டிச்சு. எல்லாரும் கையத் தட்டினாங்க." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நான்தான் அக்கா அவர்ட கையில மைக்கக் குடுத்தன். தேங்ஸ் தம்பி எண்டார்."

அவன் அழுதான். நானும் அழுதேன். பிறகு என் மேசையைப் பார்த்துக் கேட்டான்.

"அத ஒருக்காக் கட்டிடுங்க அக்கா. பழைய மாதிரி."

"நஸீர், அந்த மனுசன் வெறியில செத்தார் எண்டு ஊர் முழுக்கக் கதை. அவர்ட பொம்பிளை வீட்டில இருந்து அதக் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவர்ட பிள்ளையளும் கேட்டுக்கொண்டுதான் வளரப்போகுது."

"அப்ப எண்ட புள்ளைகள்?"

அதற்கு நான் சொன்ன பதில் சரியா என்று இன்றைக்கும் தெரியாது. "உன்ட பிள்ளையளுக்கு வாப்பா உயிரோட இருக்கிறார்" என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. "அவங்க வாறதுக்கு முதல் நீயே சொல்லு. நீ சொன்னா அது வேற, நான் காட்டிக் குடுத்தா அது வேற" என்றும் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போனான்.

தம்பி தங்கச்சிமாரே, நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். மேடையில் நெருக்கடி என்றால் சத்தமாக இருக்கும். சனம் கத்தும், கமிட்டி கத்தும், உங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். அது நெருக்கடி என்று உங்களுக்கே தெரியும். என் மேசையில் அன்றைக்கு வந்தது அப்படி இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் தாழ்ந்த குரலில் என்னிடம் ஓர் உதவி கேட்டார்கள். ஸ்பிரிட் போத்தல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் செய்த ஒரே புத்தியான காரியம், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததுதான். சாப்பிடக்கூடப் போகவில்லை. நான் எழுந்து போனால் யாராவது துடைத்துவிடுவார்கள், யாரும் துடைக்காவிட்டால் நானே துடைத்துவிடுவேன் என்று பயந்தேன்.

அதிகாரியும் ஒரு பொலிஸ்காரரும் வந்தார்கள். ஹாஜியார் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார்: அன்றைக்குப் பெருநாள், செத்தவர் கொஞ்சம் போட்டிருந்தார், காலில் தடக்கிய வயரை ஈரக்கையால் பிடித்து இழுத்துவிட்டார். பொலிஸ்காரர் எழுதத் தொடங்கினார். நான் மேசையிலிருந்த பிளக்கையும் கெனனையும் அப்படியே ஒரு தட்டில் வைத்து அதிகாரிக்கு முன்னால் நகர்த்தினேன். அவர் குனிந்து பார்த்தார். வெட்டு வாயைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்தார்.

"இதை யார் வெட்டியது?" என்று கேட்டார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாசலில் இருந்து குரல் வந்தது.

"நான்தான் சேர்" என்றான் நஸீர்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நஸீர் விளக்கமறியலில், சிறைக்குள் இருந்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பிணையில் வந்தவன் மிக்சரைத் தொடவில்லை, இப்போது முச்சக்கரவண்டி ஓடுகிறான். தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பான். அவன் மனைவி ஒருநாள் சந்தையில் வைத்து எல்லோர் முன்னாலும் என்னை ஏசினாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஹாஜியார் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. என்றாலும் கடையில் ஒருவரும் என்னோடு மனம்விட்டுக் கதைத்ததில்லை, லயன்களை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்கள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு என் பிரஷ்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன், தேநீர்கூட இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது.

ஆனால் உங்களுக்கென்று நான் சொல்ல நினைத்தது அதற்கெல்லாம் முன்னால், பிரேதம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்த மரண விசாரணை நாளில் நடந்தது.

ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில் விசாரணை நடந்தது. நான் கண்டதைச் சொன்னேன். நஸீரின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். மின்சாரம் தாக்கியதால் மரணம், இறந்தவர்மீது தவறு எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டதும் எனக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது. ஜெசிந்தா அறையின் மூலையில் கறுப்புச் சேலையோடு நின்றாள். அவள் தலையை நிமிர்த்தியதைப் பார்த்தேன்.

வெளி விறாந்தையில் அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

"அக்கா, அவர் வெறியில இருக்கேல்ல எண்டு எனக்கு முதலே தெரியும். இப்ப ஊருக்கும் தெரிஞ்சிட்டுது, சரி" என்றாள். "எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல. அந்தத் தம்பி ஏன் அந்த வயர வெட்டினவன்?"

"பெட்டியில ஒரு இரைச்சல் வந்தது பிள்ளை. அத நிப்பாட்ட."

"என்ன இரைச்சல்?"

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ம்ம்ம் என்று வாயாலேயே செய்து காட்டினேன். ஆஸ்பத்திரி விறாந்தையில், பிரேதத்துக்குக் காத்துநின்ற சனத்துக்கு நடுவில், கைம்பெண் ஒருத்திக்கு முன்னால் நான் ஹம் போட்டுக் காட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானா?"

"ஓம்."

"நாங்க கடல் இரைச்சலுக்குள்ள பிறந்து, அதுக்குள்ளேயே நித்திரை கொள்ற ஆக்கள் அக்கா. அந்தச் சத்தம் இருந்திருந்தா ஆருக்கு என்ன?"

உள்ளேயிருந்து மரியதாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கணவனை எடுத்துக்கொண்டு போக உள்ளே போனாள்.